ரூமைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்

கலிஃபோர்னியாவில் டப்ளின் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால், அவர்களை எங்கெங்கே கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவான சமாச்சாரம். முதலில் கோவில். பிறகு சிவப்புப் பாலம். அப்புறம் லாஸ் வேகஸ். வாழ்நாளில் ஒரு லாட்டரிச் சீட்டுகூட வாங்கியிராத பெரியவர்களை எதற்காகச் சூதாட்ட ஊருக்கு இழுத்துக்கொண்டு போகிறோம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. எல்லோரும் போகிறார்கள், நாமும் போகிறோம். போன வசந்தத்தில் என் முறை வந்தது. ஆனால் என் வீட்டுக்கு வந்தது அப்பா மட்டும்தான்.

அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. அப்பா கோவையில் நூற்பு இயந்திரங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். ஒரு கண்காட்சிக்காக முன்பே அமெரிக்கா வந்துபோயிருந்தார் என்பதால் அவர் விசாவை நேர்காணல் இல்லாமலே புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள். அம்மா மட்டும் சென்னைக்குப் போய் விசா ஜன்னல் முன்னால் நிற்க வேண்டியிருந்தது. நான் போனில் தினமும் பாடம் நடத்தியிருந்தேன். எவ்வளவு நாள் தங்குவீர்கள் என்று கேட்பார்கள், மூன்று மாதம் என்று சொல், அதற்கு மேல் வாயைத் திறக்காதே. அம்மா நன்றாகத்தான் ஒப்பித்தாள். ஆனால் அங்கே கேள்வியைத் தமிழில் கேட்டுவிட்டார்கள். தமிழைக் கேட்டதும் அம்மாவுக்குச் சொந்த வீட்டுத் திருமணத்தில் நிற்கிற தைரியம் வந்துவிட்டது.

"எம்பொண்ணு போதும்னு சொல்ற வரைக்கும் இருப்பனுங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்தாராம். சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தாராம். அம்மாவும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு வெளியே வந்து, விசா ஆகிவிட்டது என்று எனக்குப் போன் பண்ணினாள். விசா ஆகியிருந்தால் பாஸ்போர்ட்டை அவர்களே வைத்துக்கொள்வார்கள் என்பதை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

நானும் ஊருக்குப் போகிற நிலையில் இல்லை. போனால் திரும்பி வருவதற்குப் பாஸ்போர்ட்டில் புதிதாக விசா முத்திரை வாங்க வேண்டும். அதற்குத் தூதரகத்தில் எப்போது நேரம் கொடுப்பார்கள் என்று கடவுளுக்கே தெரியாது. போய் மாட்டிக்கொண்டு வேலையை இழந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கிரீன் கார்டு வரட்டும், கிரீன் கார்டு வரட்டும் என்று ஆறு வருடம் ஓடிவிட்டது. ஆறு வருடமாக அம்மா எனக்கு ஒரு கையகலக் கண்ணாடிக்குள் இருக்கிறாள்.

அப்பா ஐந்து மாதம் இருப்பதாகத்தான் வந்தார். மூன்றாவது வாரமே, காலையில் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே, "அம்மிணி, டிக்கெட்ட முன்னால மாத்திப்போடு. அங்க உங்கம்மா தனியா கெடக்கறா" என்றார்.

எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. "நான் மட்டும் இங்க கூட்டத்தோடயா இருக்கேன்?" என்று கேட்டேன். அவர் இருந்த அந்த மூன்று வாரமும் வீட்டில் பாதி அம்மாவும் இருந்தாள். பருப்புக்கு இப்படியா தாளிப்பார்கள் என்று அம்மாவின் குரலிலேயே கேட்பார். குழாயை இறுக மூடு என்பார். அந்தப் பாதியையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசே இல்லை. வேகஸ் போய்விட்டு வந்து பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவைத்தேன். நல்ல ஹோட்டலாகப் பார்த்துத் தங்கவைத்தால், இரண்டு நாள் வாயைப் பிளந்து வேடிக்கை பார்த்தால், டிக்கெட் ஞாபகம் போய்விடும் என்பது என் கணக்கு. அதனால்தான் ஹோட்டல் தேடுவதில் அத்தனை தீவிரம் காட்டினேன்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி போட்டேன். அதோடு என் போன் ஓயவில்லை. உள்ளேயே கால்வாய் ஓடும் ஹோட்டல்தான் என்றார் ஒருவர். ஹோட்டலே வேண்டாம், ஊருக்கு வெளியே அடுப்புள்ள இடமாகப் பாருங்கள், ரைஸ் குக்கரை மறக்காதீர்கள் என்றார் இன்னொருவர். பெற்றோரோடு போனால் புகையில்லாத மாடி கேளுங்கள் என்று ஒரு ஆன்ட்டி தனியாகப் போன் பண்ணிச் சொன்னார். என் கணவரோ கத்தரிக்காய் வாங்குவதற்கே இணையத்தில் எத்தனை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கிற மனிதர். பதினைந்து ஹோட்டல்களை வரிசைப்படுத்தி, எதற்கும் மனம் ஒப்பாமல் பதினாறாவதைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பொறுமை இழந்து, பாட்டுக்கு ஆடும் நீரூற்றைப் பார்த்த ஜன்னல் உள்ள ஒரு ரூமைப் பதிவு செய்தேன். அப்பா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தண்ணீர் ஆடுவதைப் பார்த்து, ஊரை மறப்பதாக எனக்கு ஒரு காட்சி மனதில் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ரூம யாரு பாத்தது?" என்றாள் அம்மா.

"படத்துல பாத்தோம்மா. ஆயிரக்கணக்கான பேர் நல்லா இருக்குன்னு எழுதியிருக்காங்க."

"அவிங்கள நமக்குத் தெரியுமா?"



எங்கள் வீட்டில் ரூம் பார்ப்பது அம்மாவின் இலாகா. பழனியோ ராமேஸ்வரமோ ஊட்டியோ, எந்த ஊர் லாட்ஜாக இருந்தாலும் அப்பா கல்லா முன்னால் பெட்டிகளோடு நின்றுகொள்வார். "ரூமப் பாத்துட்டுச் சொல்றோமுங்க" என்பார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, சாவி வைத்திருக்கும் ஆளின் பின்னால் மாடியேறுவாள். முதலில் குழாயைத் திறந்துவிட்டுச் சத்தத்தைக் கேட்பாள். தலையணையை எடுத்து மோந்து பார்ப்பாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் விழுகிறதா என்று பார்ப்பாள். கடைசியாக, கிழக்கு எந்தப் பக்கம் என்று கேட்பாள். வடக்கே தலை வைத்துப் படுக்கிற மாதிரி கட்டில் போட்டிருந்தால் அந்த ரூம் எவ்வளவு பளபளவென்று இருந்தாலும் வேண்டாம். "இன்னொண்ணு காட்டுங்க" என்பாள். எல்லாம் சரியாக இருந்தால் மாடிப்படிக் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்து, "ஏனுங்க, எடுத்துக்கலாமுங்க" என்று குரல் கொடுப்பாள். அப்பா அப்புறம்தான் பேனாவைத் திறப்பார். அந்தக் குரலைக் கேட்டதும் பயணம் தொடங்கிவிட்ட சந்தோஷம் எனக்கு வரும்.

"பாக்காமயே பதிஞ்சுட்டியா?" என்றாள் அம்மா இப்போது. கோபமில்லை, வருத்தம்தான். ஹோட்டல் படங்களை எல்லாம் அனுப்பச் சொன்னாள். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கேள்வி கேட்டாள். சீட்டாடுகிற கூடத்தைத் தாண்டித்தான் ரூமுக்குப் போக வேண்டுமா? ஆமாம், இந்த ஊரில் எல்லா ஹோட்டலும் அப்படித்தான். வெந்நீர் வைக்கிற கெட்டில் ஏன் படத்தில் இல்லை? ரூமிலேயே டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் கீழே சூதாட யார் வருவார்கள் என்று வைத்திருக்க மாட்டார்கள். ஜன்னல் திறக்குமா? திறக்காது. தலைமாடு எந்தப் பக்கம்?

இந்தக் கடைசிக் கேள்விக்காக நான் ஹோட்டலுக்கே போன் போட்டேன். கட்டிலின் தலைமாடு எந்தத் திசையில் இருக்கும் என்று கேட்டேன். எதிர்முனையில் இருந்த பெண், உங்களுக்கு நீரூற்றுப் பக்கம் வேண்டுமா மலைப் பக்கம் வேண்டுமா என்றாள். ஜன்னல் அல்ல, கட்டில் என்றேன். ராஜா அளவா ராணி அளவா என்றாள். என் கணவர் பக்கத்து அறையிலிருந்து சிரித்த சிரிப்பு அவளுக்கும் கேட்டிருக்கும்.

மூன்று பேராகப் போவதாக இருந்தோம். கடைசி நேரத்தில் கணவருக்கு ஆபீசில் புது மென்பொருள் ரிலீஸ் என்று அவர் நின்றுவிட்டார். அப்பாவும் நானும் ஓக்லாண்டில் விமானம் ஏறினோம். வேகஸில் ஹோட்டல் கவுன்ட்டரில் பெரிய வரிசை. எங்கள் முறை வந்ததும், கவுன்ட்டரில் இருந்த பெண் என் அட்டையைத் தேய்த்துவிட்டுக் கையெழுத்துப் போடச் சொன்னாள். நான் பேனாவை எடுத்தேன். அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். தன் கம்பெனி ஆங்கிலத்தில், மிக மரியாதையாக, "ரூமைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்" என்றார்.

எனக்கு உயிர் போய்விட்டது. பின்னால் வரிசையில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அந்தப் பெண் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா அதற்குள் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவள் பக்கம் திருப்பியிருந்தார். கோவையில் அப்போது விடியற்காலை. நெற்றியில் ஈரத் திருநீற்றோடு அம்மா திரையில் தெரிந்தாள். "இவர்தான் ரூம் பார்ப்பவர்" என்றார் அப்பா. அம்மா கும்பிட்டாள். அந்தப் பெண்ணும் என்ன நினைத்தாளோ, திரையைப் பார்த்துக் கையசைத்துவிட்டு, சாவி அட்டையை நீட்டி, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாள்.

"எல்லா ஊர்லயும் இதுதான் வழக்கம்" என்றார் அப்பா லிஃப்டில்.

ரூம் நான் நினைத்ததைவிட அழகாக இருந்தது. திரையை விலக்கினால் கீழே அந்தப் பெரிய குளம். சரியாக அப்போது பார்த்து நீரூற்று ஆட ஆரம்பித்தது. போனை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, "பாரும்மா" என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "இங்க சிறுவாணித் தண்ணி வந்து பத்து நாளாச்சு, கண்ணு" என்றாள். பிறகு, "தலகாணி எந்தப் பக்கம்?"

அப்பா போனிலேயே திசைகாட்டியைத் திறந்து பார்த்தார். வடக்கு.

நான் மன்றாடிப் பார்த்தேன். கட்டிலைச் சுவரோடு சேர்த்து அடித்திருக்கிறார்கள், நகர்த்த முடியாது என்றேன். கால்மாட்டில் தலையணையைப் போட்டுக்கொள்கிறோம் என்றேன். "தலகீழாப் படுக்கறதுக்கா அவ்வளவு தூரம் போனீங்க? இன்னொண்ணு காட்டச் சொல்லு" என்றாள் அம்மா. நான் கீழே போய், அந்தப் பெண்ணிடம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன். அவள் எதுவும் கேட்காமல் வேறொரு அட்டை தந்தாள். அது கட்டடத்தின் பின்பக்கம். திரையை விலக்கினால் கார் நிறுத்தும் அடுக்குகள், அதற்கப்பால் செம்மண் நிறத்தில் மொட்டை மலைகள். நீரூற்றுக்காகவே தேடித்தேடிப் பிடித்த ஹோட்டலில் எனக்கு வாய்த்தது கார் ஷெட். ஆனால் தலைமாடு தெற்கு.

அம்மா முறைப்படி ஆரம்பித்தாள். குழாயைத் திறக்கச் சொன்னாள். நான் போனைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். கதவைச் சாத்தச் சொன்னாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "தலகாணிய மோந்து பாத்துச் சொல்லு, கண்ணு" என்றாள்.

அதுவரை அதை நான் செய்ததில்லை. அம்மா செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். தலையணையை எடுத்து முகத்தில் வைத்தேன். சோப்பு வாசனை அடித்தது. அந்த நேரத்தில் அம்மாவின் வாசனையை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. மஞ்சள், தேங்காயெண்ணெய், வேர்வை என்று வார்த்தைகள் வந்தனவே தவிர வாசனை வரவில்லை. முகத்தைத் தலையணையிலிருந்து எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"என்ன, நாத்தமா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கு."

"அப்ப சரி. ஏனுங்க, எடுத்துக்கலாமுங்க."

அப்பா கீழே போய்க் கையெழுத்துப் போட்டார். அட்டை என்னுடையது, கையெழுத்து அவருடையது. அந்தப் பெண் அதையும் பொறுத்துக்கொண்டாள்.

அன்று மாலை ஊரைச் சுற்றிப் பார்த்தோம் என்று சொல்லலாம். உண்மையில் அம்மாதான் பார்த்தாள். அப்பா போனை வெளிப்பக்கம் திருப்பி மார்போடு பிடித்துக்கொண்டு, போலி கோபுரம், போலி வானம், விளக்குப் போட்ட தெரு என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். "நீங்களும் கொஞ்சம் பாருங்கப்பா" என்றேன். "அவ பாக்கட்டும், எனக்கு அவ சொல்லுவா" என்றார். சூதாட்டக் கூடத்துக்குள் போனால் மட்டும் அம்மா உறைந்து நின்றுவிடுவாள். அங்கே சிக்னல் கிடையாது. அப்பா உடனே திரும்பி நடந்து, வாசல் கண்ணாடிக் கதவோரம் நின்றுகொள்வார். தூய வெள்ளைச் சட்டையோடு விறைப்பாக நிற்கும் அவரைக் காவலாளி என்று நினைத்து இரண்டு பேர் கழிவறை எங்கே என்று கேட்டார்கள். அவரும் கை காட்டினார்.

மறுநாள் பஸ்ஸில் ஏறி, ஊருக்கு வெளியே இருக்கும் பெரிய அணைக்கட்டுக்குப் போனோம். அங்கேதான் எனக்கு நம்பிக்கை துளிர்த்தது. கீழே இயந்திரக் கூடத்தில் வரிசையாக நிற்கும் ராட்சத ஜெனரேட்டர்களைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. போன் பைக்குள் போய்விட்டது. வழிகாட்டியிடம் கேள்விமேல் கேள்வி கேட்டார். தாங்கிகளுக்கு எண்ணெய் எப்படிப் போகிறது என்று அவரே எனக்கு விளக்கினார். சாப்பாட்டு நேரம் தாண்டியது அவருக்குத் தெரியவில்லை. இப்படி இன்னும் நாலு இடம் காட்டினால் மனிதர் இருந்துவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த மாதம் எங்கே கூட்டிப்போகலாம் என்று மனதுக்குள் திட்டமே போட்டுவிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "இத அவகிட்ட எப்படி அம்மிணி சொல்றது? சொன்னாப் புரியாது. பக்கத்துல நின்னு பாத்தாத்தான் புரியும்" என்றார். ஒரு நல்ல பொருளை ரசித்துவிட்டதே தப்பு என்கிற மாதிரி இருந்தது அவர் குரல். டிக்கெட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கிளம்புகிற நாள் காலை. அப்பா குளித்துக்கொண்டிருந்தார். அவருடைய கட்டிலைப் பார்த்தேன். மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். அவர் சுவரோரமாக ஒரு முழம் இடத்தில் படுத்து எழுந்திருந்தார். மிச்சப் பாதியில் விரிப்புகூடக் கலையவில்லை. போன் அடித்தது. அம்மா.

கோவையில் இரவு ஆகியிருந்தது. பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்க்கிறவள் இல்லை. கூடத்தில் எல்லா விளக்குகளும் எரிந்தன. சாப்பிட்டாயா என்றேன்.

"ஒரு தோசை ஊத்திக்கிட்டேன். ஒருத்திக்கு என்னத்த சமைக்கறது" என்றாள். சொன்ன உடனே சுதாரித்துக்கொண்டு, அப்பா வெந்நீருக்கு என்ன செய்கிறார், அணையில் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று கேட்க ஆரம்பித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அம்மா வேண்டும். அது நடக்காது என்பதால் அப்பாவையாவது பிடித்துவைக்கப் பார்த்தேன். அங்கே அவளுக்கும் அவரைவிட்டால் யாரும் இல்லை.

"அம்மா, அப்பாவ முன்னாடியே அனுப்பி வெச்சர்ட்டுமா?" என்றேன்.

"எதுக்கு? இத்தன நாள் கழிச்சு வந்துருக்கறாரு." அம்மா விளக்குக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீ போதும்னு சொல்ற வரைக்கும் இருக்கட்டும், கண்ணு."

விசா ஜன்னல் முன்னால் சொன்ன அதே வார்த்தை. அன்று அந்த ஆபீசர் என் அம்மாவைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறார், என்னையும் சேர்த்து. எந்த மகளும் போதும் என்று சொல்ல மாட்டாள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

குளியலறையில் தண்ணீர் நின்றது. அப்பா குழாயை இறுக மூடுகிற சத்தம் கேட்டது.

"போதும்மா" என்றேன்.

அம்மா எழுந்து போய் டிவியை அணைத்தாள். அணைத்துவிட்டுத் திரும்பி வந்தவளின் குரல் ஆறு வருடத்துக்கு முந்தைய குரலாக இருந்தது.

"எந்த நேரத்துக்கு எறங்குவாருன்னு மட்டும் முன்னாலயே சொல்லிப்போடு" என்றாள். "அரிசி ஊற வெக்கோணும்."